எதிர்க்கேள்வி கேட்கும் ஊர்

பசுவுக்கு மடி வீங்கியிருக்கிறது, காம்பைத் தொட்டால் உதைக்கிறது. வளர்ப்பு நாய் இரண்டு நாளாகச் சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. மாமியாருக்குக் கால் வீக்கம் வடியவில்லை. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் தொட்டிக்கு ஏறவில்லை. வீட்டுக்கு வீடு இருக்கிற இந்தக் கவலைகளை முகம் பார்த்திராத சிநேகிதர்களிடம் கைபேசியில் சொல்லி யோசனை கேட்பது, ஜவ்வாது மலையடிவாரத்துக் கலசப்பாக்கத்திலும் இப்போது அன்றாடப் பழக்கம்தான். இதைக் கண்டு கவலைப்படுகிறவர்கள், பக்கத்து வீட்டோடு திண்ணையில் உட்கார்ந்து பேசிய காலம் போய்விட்டது, ஊர்பேர் தெரியாதவரிடம் வீட்டு விஷயத்தைக் கொட்டும் காலம் வந்துவிட்டது என்கிறார்கள். இந்த வட்டாரத்தின் பழைய வழக்கங்களை வரிசையாகப் பார்த்தால் அந்தக் கணக்கு ஒத்துவரவில்லை. இங்கே மனக்குறைகள் எப்போதுமே பாதி தெரிந்தவர்களிடமும் வழிப்போக்கர்களிடமும்தான் அதிகம் சொல்லப்பட்டிருக்கின்றன. ஒரு காலத்துக்கும் இன்னொரு காலத்துக்கும் உள்ள வேறுபாடு, கேட்பவர் திருப்பிக் கேள்வி கேட்க முடிந்ததா இல்லையா என்பதில் இருக்கிறது. கவலை பகிரும் வழக்கத்தின் நன்மையும் கேடும் அந்த ஓர் இடத்தில் பிரிகின்றன என்பது என் வாதம்.

பழமையிலிருந்தே தொடங்கலாம். பத்துப்பாட்டில் கடைசியாக வைக்கப்பட்டிருக்கும் மலைபடுகடாம் இந்த மண்ணின் பாட்டு. செங்கண்மாவை ஆண்ட நன்னனை நோக்கிப் போகும் கூத்தர் கூட்டத்துக்கு, அவனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர் வழி சொல்வதாகப் பெருங்கௌசிகனார் இதைப் பாடியிருக்கிறார். செங்கண்மா இன்றைய செங்கம். பாட்டில் வரும் நவிர மலையைக் கலசப்பாக்கம் வட்டத்துப் பருவதமலை என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். அதில் வரும் சேயாறுதான் ஜவ்வாது மலையில் பிறந்து கலசப்பாக்கத்தைத் தொட்டு ஓடும் செய்யாறு. 583 அடிகளில் பெரும்பகுதி புகழ்ச்சி இல்லை, எச்சரிக்கை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனம் காப்பவர்கள் எறியும் கவண்கல் எப்படிப் பாய்ந்து வரும், பாசி பிடித்த பாறையில் எதைப் பிடித்துக்கொண்டு கால் வைக்க வேண்டும் என்று, போய்வந்தவர் போகிறவருக்குச் சொல்கிறார். இருவரும் ஒரே தொழில்காரர்கள், ஆனால் வழியில் சந்தித்தவர்கள். மலையில் எழும் ஓசைகளை அடுக்கும் இடத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. புலி பாய்ந்து மார்பில் புண்பட்ட கணவனுக்காக, அந்தப் புண் ஆற வேண்டும் என்று குறமகளிர் பாடும் பாட்டும் அந்த ஓசைகளில் ஒன்று. வீட்டுக்குள் கிடக்கும் காயம்பட்டவனைப் பற்றிய கவலை, வழியில் போகிற கூத்தன் காதில் விழும்படி மலையெங்கும் கேட்டிருக்கிறது.

இலக்கியத்தைச் சான்றாக வைத்துச் சரித்திரம் எழுதலாமா என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. கல் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972இல், இரா. நாகசாமி பதிப்பாசிரியராக இருந்து தனி நூலாக வெளியிட்டது. அவற்றில் எடுத்தனூர்க் கல்லுக்குத் தனிப் பெருமை உண்டு. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. கருந்தேவகத்தி என்பவர் தம் எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்டார் என்கிறது கல். அதோடு நிற்கவில்லை. கோவிவன் என்ற நாய் கள்ளர் இருவரைக் கடித்து, விழுந்தவரின் அருகில் காவல் இருந்ததையும் எழுத்தில் பொறித்து, நாயின் உருவத்தையும் செதுக்கியிருக்கிறார்கள். அரசர்கள் தானம் கொடுத்ததைச் சொல்லும் கல்வெட்டுகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும் நாட்டில், ஒரு வீட்டு நாயின் பெயரைச் சொல்லும் கல் ஊர் எல்லையில் நின்றிருக்கிறது. இது வீரத்துக்கு எடுத்த கல், கவலை பகிர்ந்ததற்குச் சான்றாகாது என்று மறுக்க இடமுண்டு. ஆனால் மந்தை பறிபோவதும் நாய் விசுவாசமாக நின்றதும் ஒரு குடும்பத்தின் சொந்த விஷயம், வழியில் போகிறவருக்கு அதில் வேலையில்லை என்று அந்த ஊர் நினைத்திருந்தால் கல் நட்டிருக்க வேண்டியதில்லை. வருகிற போகிறவர்கள் நின்று, யார் இவர், என்ன நடந்தது என்று கேட்பதற்காகத்தான் நடுகல்லே.

அடுத்த கட்டத்துக்குத் திருவிழாக்களையும் சந்தைகளையும் பார்க்க வேண்டும். தை மாதம் ரதசப்தமி அன்று திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் கலசப்பாக்கம் செய்யாற்றுக்கு எழுந்தருளுகிறார். ஊர்க்கோயில் திருமாமுடீசுவரர் வந்து எதிர்கொள்ள, ஆற்றில் தீர்த்தவாரி நடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆற்றில் அன்று சுற்றுவட்டத்து ஊர்களெல்லாம் கூடிவிடும். கார்த்திகை தீபத்தை ஒட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தையும் இந்தப் பகுதிக்கு அப்படித்தான். பக்கத்து மாநிலங்களிலிருந்தும் மாடுகள் வந்து இறங்கும் இடம் அது. மலையில் இருந்து சாமை, தேன், புளி, கடுக்காய், சீயக்காய் கொண்டு இறங்கும் மலையாளிப் பழங்குடியினருக்கும் அடிவாரத்து உழவர்களுக்கும் வாரச் சந்தைகள் பொது இடம். ஆண்டுக்கு ஒரு முறையோ வாரத்துக்கு ஒரு முறையோ பார்க்கிற முகங்கள் இவை. பெயர் தெரியும், ஊர் தெரியும், குடும்பம் முழுக்கத் தெரியாது. வீட்டுக் கவலையைச் சொல்ல இவர்களைவிட வசதியான ஆள் கிடையாது.

ஏன் என்பதற்குக் காரணம் எளிது. பக்கத்து வீட்டில் இருப்பது பெரும்பாலும் பங்காளி. பெண்ணுக்கு வலிப்பு வருகிறது என்று தெருவுக்குத் தெரிந்தால் வரன் வராது. கறவை மாடு சரியாகச் சினை பிடிக்கவில்லை என்று ஊருக்குத் தெரிந்தால் விற்கும்போது விலை விழும். கண்திருஷ்டி பயம் வேறு. திண்ணைப் பேச்சை நாம் இப்போது பொன்னுலகமாக நினைத்துக்கொள்கிறோம். அந்தத் திண்ணையில் சொல்ல முடியாததுதான் அதிகம் இருந்தது. சந்தையில் பார்க்கும் வெளியூர் ஆளுக்கு நம் வீட்டுப் பெண்ணின் கல்யாணத்திலோ வரப்புத் தகராறிலோ சம்பந்தம் இல்லை. அதே சமயம் அவர் தம் கைச்சரக்கும் அனுபவமும் உள்ள மனிதர். மாட்டுத் தரகரை எடுத்துக்கொள்ளுங்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் அந்த ஆள், விலை பேசுவதில் எவ்வளவு கள்ளரோ, மாட்டைப் பற்றிய யோசனையில் அவ்வளவு கூர்மை. சுழி பார்ப்பார், பல் பார்ப்பார். பசு பாலைக் குறைத்துவிட்டது என்று சொன்னவுடன் மருந்து சொல்லமாட்டார். எத்தனையாவது ஈற்று, கன்று போட்டு எத்தனை நாள், அசை போடுகிறதா, சாணம் எப்படிப் போகிறது, தீவனம் மாற்றினீர்களா என்று வரிசையாகக் கேட்பார். சொல்லவந்தவர் பதில் தேடும்போதே பாதிக் குழப்பம் தெளிந்துவிடும். வெக்கை நோய் என்று நம்மவர்கள் அஞ்சிய மாட்டுக் கொள்ளை நோய், 2011இல் உலகை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்படும்வரை தலைமுறை தலைமுறையாகத் தொழுவங்களைக் காலி செய்தது. எந்தப் பக்கம் வெக்கை கண்டிருக்கிறது, எந்தச் சந்தைக்கு மாடு ஓட்டக் கூடாது என்ற எச்சரிக்கை இந்த வாய்களின் வழியாகத்தான் பரவியது. மாட்டோடு நோயும் சந்தை வழியாகத்தான் பரவியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதைப் படித்து யாராவது அந்தக் காலச் சந்தையையும் ஆற்றங்கரையையும் எல்லோருக்கும் திறந்த அரங்கம் என்று எண்ணினால் அது பெரிய தவறு. சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது 1947இல். அதுவரை ஊரின் ஒரு பகுதியினர் கோயில் வாசலைத் தாண்ட முடியாது. கிணறு தனி, தெரு தனி. சந்தையில் பொருள் வாங்கலாம், விற்கலாம். ஆனால் ஒருவர் நின்று சொல்ல, மற்றவர் உட்கார்ந்து கேட்கிற பேச்சில் கவலையின் உண்மை முழுக்க வெளிவராது. பெண்களுக்கு நிலைமை இன்னும் இறுக்கம். பிரசவச் சிக்கலை ஆண் வைத்தியரிடம் சொல்ல முடியாத வீடுகளின் அவலத்தைக் கண்டுதான் ஐடா ஸ்கடர் மருத்துவம் படிக்கப் போனார். வேலூரில் 1900இல் வேலையைத் தொடங்கிய அவர், 1909இல் கார் ஒன்று கிடைத்ததும் வாரம் ஒரு நாள் குடியாத்தம் சாலையில் போய், குறிப்பிட்ட இடங்களில் நின்று மரத்தடியில் நோயாளிகளைப் பார்த்தார். அந்த மரத்தடிகள் எனக்கு முக்கியமாகப் படுவது மருந்துக்காக மட்டும் இல்லை. வாரம் தவறாமல், தெரிந்த இடத்தில், ஊர்ப்பகையோ உறவோ இல்லாத ஒருவர் உட்கார்ந்து, என்ன செய்கிறது, எத்தனை நாளாக என்று கேட்கிற ஏற்பாடு அது. சந்தையின் அமைப்பை மருத்துவம் எடுத்துக்கொண்டது என்றே சொல்லலாம். தொழுநோய் இன்னும் கடுமையான உதாரணம். பழைய வட ஆர்க்காடு, நாட்டிலேயே அந்த நோய் மிகுந்திருந்த மாவட்டங்களில் ஒன்று. உடம்பில் ஒரு தேமல் உணர்ச்சியற்றுப் போனால் அதைச் சொந்த அண்ணன் தம்பியிடம்கூடச் சொல்ல முடியாது. சொன்னால் வீட்டை விட்டே போக வேண்டியிருக்கும். 1955இல் கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் வந்த பிறகு அங்கே திரண்டவர்கள், ஊரில் வாய் திறக்க முடியாமல் இருந்தவர்கள்தாம். அக்கம்பக்கம் அறிந்த பழைய உலகம் நம் கவலைகளைக் காப்பாற்றியது என்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். அம்மை போட்ட வீட்டில் வாசலில் வேப்பிலை செருகினால் அந்தச் செய்தி தெருவுக்குப் போதும். தொழுநோய்க்கும் வலிப்புக்கும் அப்படி மரியாதையான அடையாளம் எதையும் நம் ஊர் கொடுக்கவில்லை.

அச்சும் வானொலியும் வந்தபோது தூரத்துக் காதுகள் பெருகின. 1879இல் அஞ்சலட்டை வந்தது; காலணாவுக்குச் சேதி அனுப்பலாம். அஞ்சலட்டையைத் தபால்காரரில் தொடங்கி வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால் அதில் நலம் மட்டுமே எழுதப்பட்டது, நோய் உறைக்குள் போனது. பத்திரிகைகள் இன்னொரு வாசலைத் திறந்தன. தினமலர் வாரமலரில் ‘அன்புடன் அந்தரங்கம்’ பகுதியில் எழுத்தாளர் அனுராதா ரமணன், பெயர் மறைத்து எழுதும் பெண்களுக்குப் பல ஆண்டுகள் பதில் எழுதினார். அவள் விகடனின் ‘என் டைரி’ இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு வாசகியின் பிரச்சினைக்கு மற்ற வாசகிகளையே யோசனை சொல்ல வைத்தது. கலசப்பாக்கத்து வீட்டின் மாமியார் சண்டைக்குக் கோவில்பட்டிக்காரர் தீர்வு சொல்வது இணையத்துக்கு முன்பே நடக்கக்கூடிய காரியமாகிவிட்டது. உழவர்களுக்கு வானொலி. திருச்சி நிலையத்தின் வேளாண் நிகழ்ச்சிகள் ஆடுதுறை 27 நெல்லை அவ்வளவு பரப்பியதால் 1960களின் பிற்பாதியில் அதற்கு வானொலி நெல் என்றே பெயர் வந்தது. ஆனால் இந்த ஊடகங்கள் எல்லாவற்றிலும் ஒரு குறை உண்டு, அதை நாம் அதிகம் பேசுவதில்லை. கடிதத்தில் எழுதாத விஷயத்தைப் பதில் எழுதுகிறவர் கேட்க முடியாது. கணவர் குடிக்கிறார் என்று எழுதிய பெண், கடனைப் பற்றி எழுதாமல் விட்டிருப்பார். மூன்று வாரம் கழித்து அச்சில் வரும் பதில் வேறொரு வீட்டுக்குப் பொருந்தும். எதிர்க்கேள்வி இல்லாததால் பதில்கள் பொதுப்படையாகிப் பொறுமையாக இருங்கள், மனம்விட்டுப் பேசுங்கள் என்று தேய்ந்துபோனதும் உண்டு. சந்தைத் தரகரிடம் இருந்த ஒன்றை அச்சு இழந்தது.

கைபேசிக் குழுக்கள் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கின்றன. அவற்றின் வரலாற்று இடம் அதுதான். பசு மடியின் படத்தைப் போட்ட ஐந்து நிமிடத்தில், காய்ச்சல் இருக்கிறதா, பாலில் திரி வருகிறதா, எந்தக் காம்பு என்று கேள்விகள் வந்துவிடும். மடிநோய்க்கான மூலிகை மருந்து பரவிய விதம் நல்ல சான்று. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் மரபுசார் மருத்துவத்தை ஆய்ந்த தஞ்சைப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி உழவர்களிடமிருந்து திரட்டிச் செப்பமிட்ட முறை அது. தேசியப் பால்வள வாரியமும் பிறகு அதை எடுத்துக்கொண்டது. சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் சேர்த்து அரைத்து, மடியைக் கழுவிப் பாலை முழுக்கக் கறந்துவிட்டு, ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வரை ஐந்து நாள் தடவுவது. கோமாரிக்கும், 2020க்குப் பிறகு தமிழ்நாட்டு மாடுகளை வாட்டிய தோல் கழலை நோய்க்கும் இதுபோன்ற முறைகள் வந்தன. இவை குழுக்களில் சுற்றும்போது அளவு உதிர்ந்துபோகும் ஆபத்து உண்டு. கற்றாழையும் மஞ்சளும் பூசுங்கள் என்று மட்டும் ஒரு வரி வந்து நிற்கும். எவ்வளவு, எத்தனை தடவை என்று ஒருவர் கேட்டுவிட்டால் முழு முறையும் மீண்டும் வந்து சேரும். கலசப்பாக்கத்தில் இயற்கை உழவர்கள் நடத்தும் பாரம்பரிய விதைகள் மையத்திலும் தத்துவம் இதேதான். விதையைக் கொடுப்பவரும் வாங்குபவரும், உங்கள் மண் என்ன, தண்ணீர் எப்படி, போன பட்டத்தில் என்ன ஆனது என்று கேட்டுக்கொள்ளாமல் பாரம்பரிய விதை ஒரு போகம்கூடத் தாண்டாது.

இனி மிகக் கடினமான மறுப்புக்கு வர வேண்டும். 2018 மே 9 அன்று கலசப்பாக்கத்துக்கு அண்டை வட்டமான போளூரில், ஜவ்வாது மலையடிவாரத்து அத்திமூரில், குலதெய்வம் கும்பிட வந்த ஒரு குடும்பம் வழி கேட்பதற்காகக் காரை நிறுத்தியது. குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்தது. பிள்ளை பிடிக்கும் கும்பல் சுற்றுகிறது என்று பல நாளாகக் கைபேசிகளில் ஓடிக்கொண்டிருந்த வதந்தியை நம்பிய கூட்டம் அவர்களை அடித்தது. அறுபது வயதைக் கடந்த ஒரு பெண் செத்துப்போனார், உடன் வந்தவர்கள் படுகாயம் அடைந்தார்கள். கவலையை இணையத்தில் பகிர்ந்ததன் விளைவு இதுதானே என்றால், அதைத் தட்டிக்கழிக்க முடியாது. வழி கேட்பவருக்கு வழி சொல்வதையே ஒரு பெரும்பாட்டாகப் பாடிய நாட்டில், வழி கேட்டதற்காக ஒருவரைக் கொன்றிருக்கிறார்கள். ஆனால் பழியைக் கருவியின் தலையில் மட்டும் போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. பிள்ளை பிடிப்பவன் என்ற பயம் கைபேசியைவிட மிகப் பழையது. பாலம் கட்டவும் அணை கட்டவும் பிள்ளைகளைப் பலியிடுகிறார்கள் என்ற வதந்தி வெள்ளைக்காரன் காலத்திலேயே நாடெங்கும் கிராமங்களை நடுங்க வைத்தது. இரண்டு காலத்துக்கும் பொதுவாக இருப்பது ஒன்று: அந்தச் செய்திக்குச் சொந்தக்காரர் இல்லை. என் பிள்ளையைக் காணோம் என்று யாரும் சொல்லவில்லை. எங்கேயோ ஒரு பிள்ளையைக் காணோமாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எந்த ஊர், யார் பிள்ளை, எப்போது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லாத கவலை அது. மாடு படுத்துவிட்டது என்று எழுதுகிறவரிடம் நூறு கேள்வி கேட்கலாம். பலர் கைமாறி வந்த ஒரு குரல்பதிவிடம் என்ன கேட்பது? அந்த ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி கட்டுப்படுத்தியது. அது வேகத்தைக் குறைக்கும். கேள்வி கேட்கும் பழக்கத்தைக் கொடுக்காது. அத்திமூரில் காரைச் சூழ்ந்தவர்களில் ஒருவர், உங்கள் குலதெய்வம் எது, எந்த வகையறா நீங்கள் என்று கேட்டிருந்தால் போதும். வெளியூர்க்காரரிடம் இந்தப் பக்கத்தில் எந்தக் காலத்திலும் முதலில் கேட்கிற கேள்வி அது.

டாக்டர்கள் சொல்லும் மறுப்பு வேறு வகை. அறியாதவர்கள் அறியாதவர்களுக்கு மருந்து சொன்னால், எத்தனை எதிர்க்கேள்வி கேட்டாலும் அறியாமைதானே பெருகும் என்கிறார்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். இந்த வாதத்துக்கு எல்லை இருக்கிறது, அந்த எல்லையைக் காட்டுவது நாய்க்கடி. கடிபட்டவருக்கு மந்திரித்து வேர் கட்டுவது இந்தப் பக்கத்தில் நெடுங்கால வழக்கம். அதையும் சந்தைப் பேச்சும் உறவுக்காரர் பேச்சும்தான் பரப்பின; எந்த ஊரில் யார் நன்றாக மந்திரிப்பார் என்று விசாரித்துப் போனார்கள். குன்னூரில் 1907இல் பாஸ்டர் நிலையம் தொடங்கிய பிறகும், நீலகிரி வரை போக முடிந்தவர்களைவிட மந்திரக்காரரிடம் போனவர்களே அதிகம் இருந்திருப்பார்கள் என்பதில் வியப்பில்லை. வெறிநோயின் அறிகுறி வெளியே தெரிந்துவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. ஆகவே நாய் நன்றாகத்தான் இருக்கிறது, வீட்டு நாய்தான், கீறல்தான் என்று குழுவில் ஒருவர் எழுதும்போது, எந்த இடத்தில் கடித்தது, ரத்தம் வந்ததா, நாய்க்கு ஊசி போட்டீர்களா என்று மற்றவர்கள் அக்கறையோடு கேட்டுக்கொண்டிருப்பதே ஆபத்தாகலாம். காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட வேண்டும்; அங்கே ஊசிக்குக் காசு இல்லை. மடிநோய்க்கும் மாமியார் கால் வீக்கத்துக்கும் பத்துக் கேள்வி கேட்கட்டும். நாய்க்கடிக்குக் குழு கேட்க வேண்டியது, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டீர்களா என்ற ஒன்றைத்தான்.